கப்போவும் கப்போத்தும்

ஜீப் கொதிப்பது எப்போதும் மதியத்தில்தான். காலையில் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் பிள்ளைச்சாவடி மணலில் அது முனகிக்கொண்டே மேலேறிவிடும். கடல்காற்று எழுந்த பிறகு ஏற்றினால், கரைக்கும் சாலைக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் பானட்டின் இடுக்கிலிருந்து ஆவி பீறிடும். இறங்கி, ரேடியேட்டர் மூடியின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு, ஆறும்வரை நிற்க வேண்டும். பின்னால் கூடைகளில் மீன் இருக்கும். மீன்மேல் போட்ட ஐஸ் கரைந்து மணலில் சொட்டிக்கொண்டிருக்கும்.

ஜீப் என் அக்காவின் கணவருடையது. நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன், அவர் என்னை மச்சான் என்பார். மில்லில் பிட்டராக இருந்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் மில் மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. இனி இதை நம்பிப் பயனில்லை என்று வெளியே வந்து, ராணுவம் கழித்துப்போட்ட பழைய ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்தார். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்பதால் மணலில் இறங்கிக் கரையிலேயே மீனை ஏற்ற முடிந்தது. பிள்ளைச்சாவடியில் ஏற்றி, புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் இறக்குவார். அவருக்கு இருந்த ஒரே தொழில் அதுதான்.

கரையில் மீனை மொத்தமாக ஏலம் எடுக்கும் அம்மா ஒருவர் இருந்தார். அவர் ஏற்றச் சொன்னால்தான் மாமாவுக்கு வேலை. புரட்டாசி வெயிலில் ஒருநாள் வண்டி வழக்கமான இடத்தில் நின்றபோது அவர் மணலில் நடந்தே வந்து சேர்ந்தார்.

"இன்னாய்யா, இது மீன் ஏத்தற வண்டியா, டீக்கடை பாய்லரா? ரெண்டு டீ போடு, குடிச்சிட்டுப் போறேன்."

மாமா சிரித்து மழுப்பினார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"மழை முடியற வரைக்கும் பாக்கறேன். பொங்கல் கழிஞ்சு மொத ஏத்தம் உனக்குத்தான். அன்னிக்கும் நடுவுல நின்னுதுன்னா ஆளுங்கள வுட்டு ரோடு வரைக்கும் தலைச்சுமையா தூக்கிப்பேன். அங்கேருந்து கடலூர் டெம்போ. அப்புறம் நீ கோச்சுக்கக் கூடாது."

நான் அப்போது அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பத்திரங்களையும் ஆணைகளையும் ஆங்கிலத்துக்கு மாற்றுவது என் வேலை. கல்லூரியில் பௌதிகம் படித்தவன், பள்ளியில் பிரெஞ்சு படித்தவன். குடும்பத்தில் ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியவில்லை என்றால் என்னைத்தான் கேட்பார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. தேவைக்கு மேலேயே பிடித்திருந்தது.

மாமாவின் கஷ்டத்தைக் கேட்ட வாரமே பழைய பேப்பர் கடையில் எனக்கு ஓர் அமெரிக்க வண்டிப் பத்திரிகையின் தாள் கிடைத்தது. வெளிநாட்டுக்காரர்கள் நிறையப் பேர் வந்துபோகும் ஊர் என்பதால் அந்த மாதிரிப் பத்திரிகைகள் எங்கள் ஊர்க் கடைகளில் எடைக்கு வரும். படம் இருந்த பக்கம் ஏற்கனவே வேர்க்கடலைப் பொட்டலமாகப் போயிருந்தது. மிஞ்சிய தாளில் எழுத்து மட்டும் இருந்தது. ஜீப்பின் ஹூடில் திறப்புகள் வெட்டினால் எஞ்சின் சூடு வெளியேறிவிடும், பாலைவன மணலில்கூட வண்டி கொதிக்காது என்று அதில் எழுதியிருந்தது.

எங்கள் பக்கத்தில் ஜீப்பின் ஹூட் என்றால் மேலே போர்த்தியிருக்கும் கான்வாஸ் கூரை. எஞ்சினை மூடும் தகரத்துக்குப் பெயர் பானட். அமெரிக்கர்கள் அந்தத் தகரத்தைத்தான் ஹூட் என்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரியாமல் இருந்தது குற்றமில்லை. தெரியாமல் இருக்கக்கூடும் என்ற சந்தேகமே எனக்கு வரவில்லை, அதுதான் குற்றம். சந்தேகம் வராதது மட்டுமல்ல, என் பௌதிகப் படிப்பை வைத்து அதற்கு ஒரு விளக்கமும் கட்டிவிட்டேன். எஞ்சினின் சூடு உள்ளே வருகிறது, கான்வாஸ் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, கூரையில் ஜன்னல் வைத்தால் சூடு மேலே போகும், பின்னாலேயே எஞ்சின் சூடும் இழுபட்டு வரும். அக்கா சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கும்போது மாமாவிடம் இதை விளக்கினேன். அவர் பருப்பைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"படிச்சவன் நீ. நான் நாளைக்கு ஸ்பேர் வாங்கக் கடலூர் போறேன். வண்டிய எடுத்துக்கினு போயி நீயே சொல்லி வெட்டிட்டு வா" என்றார்.

முத்தியால்பேட்டையில் ஒரு சொல்தாவின் பட்டறை இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை நாங்கள் சொல்தா என்போம். இவர் பட்டாளத்தில் வண்டி ரிப்பேர் பிரிவில் இருந்தவர். தகர வேலையும் செய்வார், கான்வாஸும் தைப்பார். பீரங்கிச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது என்று ஊருக்கே தெரியும். வலது காதைத் திருப்பிக்கொண்டுதான் எதையும் கேட்பார். ஐயா என்பதற்குப் பதில் பிரெஞ்சில் முசியே என்பார்.

"ஹூடுல திறப்பு வைக்கணும்" என்றேன்.

"கப்போவா, கப்போத்தா, முசியே?"

பிரெஞ்சில் எஞ்சின் மேலுள்ள தகர மூடி கப்போ. வண்டியின் துணிக்கூரை கப்போத். கடைசியில் வரும் ஒரு 'த்'தான் வித்தியாசம். அவர் பட்டறையில் இரண்டு வேலையும் நடப்பதால் கேட்டுத்தான் தொடங்குவார்.

"கப்போத்" என்றேன், அந்தத் 'த்'தை நன்றாக அழுத்தி.

"எஞ்சின் சூட்டுக்கா?"

"ஆமாங்க."

அவர் பானட்டை விரலால் தட்டினார். "எஞ்சின் இங்க இருக்குது. ஜன்னல் அங்கயா?"

"புத்தகத்துல போட்டிருக்குது. அமெரிக்காக்காரன் எழுதினது."

"அப்போ சரி" என்று கத்தரிக்கோலை எடுத்தார்.

வேலை அழகாக இருந்தது. கூரையில் இரண்டு பெரிய ஜன்னல்கள், ஓரம் மடித்து இரட்டைத் தையல், மழைக்கு ஒரு தொங்கல் மூடி. மறுநாள் மதியம் ஜீப் அதே இடத்தில் கொதித்தது. அதற்கடுத்த வாரம் ஐப்பசி மழை பிடித்தது. தொங்கல் மூடியைக் காற்று தூக்கிவிட, மாமா நனைந்துகொண்டே ஓட்டினார். ஏலக்கார அம்மா கரையில் நின்று ஜீப்பைச் சுற்றிப் பார்த்தார்.

"ஜன்னல் வச்சிட்ட. கதவு எப்போ? கிரகப்பிரவேசத்துக்குச் சொல்லியனுப்பு, வந்து பால் காய்ச்சறேன். உன் எஞ்சின்லயே காய்ச்சிக்கலாம்."

கரையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அன்று மாலை எங்கள் வீட்டுக்கு வந்தவர், ஈரச் சட்டையோடு வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

"மச்சான், அந்தக் காயிதத்துல இன்னாதான் எழுதியிருந்துது? இன்னொரு வாட்டி படி."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் பேப்பர் கடைக்குப் போய் பழைய பத்திரிகைக் கட்டு முழுவதையும் பிரித்துத் தேடினேன். அதே பத்திரிகையின் வேறு தாள்கள் அகப்பட்டன. ஒன்றில் படம் இருந்தது. ஜீப்பின் பானட்டில் வரிசையாகக் கீறல் கீறலாகத் திறப்புகள். அடியில் ஹூட் என்று போட்டிருந்தது. அந்தக் கடையில் நின்றபடியே எனக்குக் காதெல்லாம் சூடேறியது.

தாளை மறைக்கவில்லை. நேரே மாமாவிடம் கொண்டுபோனேன். வெட்ட வேண்டியது தகரத்தில் என்று காட்டினேன். அதுவரை நல்லது. அவர் கேட்டார்: "அப்போ துணியில ஏன் வெட்டுனாரு?"

நான் சொன்னேன்: "கப்போன்னுதான் மாமா சொன்னேன். அவருக்குக் காதுல கப்போத்துன்னு வுழுந்திருக்குது."

யோசித்துச் சொன்னதல்ல. ஆனால் இதைவிடச் சுலபமாக நம்பக்கூடிய பொய் எங்கள் ஊரில் இருந்திருக்க முடியாது. மாமா என்னையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்ச் சத்தம் போட்டார். புதுக் கான்வாஸ், பாழாப்போச்சு, காது கேக்காதவர் ஏன் கடை வைக்கணும் என்றெல்லாம். பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் முதல் பால்காரர் வரை நின்று கேட்டார்கள். சொல்தா மாமாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நினைவைத் துழாவுகிறவர்போலப் பார்த்தார்.

"ரெண்டு வாட்டி கேட்டேன்னு நெனப்பு" என்றார். பிறகு, "காது மந்தந்தான். அப்படியும் இருக்கும். கப்போவைக் கொண்டாங்க, நானே வெட்டித் தர்றேன்."

அவர் நம்பிவிட்டார். என் பொய்யைவிடத் தன் காதை அதிகமாகச் சந்தேகித்தார். அன்றிலிருந்து அவர் பட்டறைக்கு யார் போனாலும், என்ன வேலை என்று வாயால் சொல்வது போதவில்லை. "தொட்டுக் காட்டுங்க" என்பார். முத்தியால்பேட்டைக்காரர்கள் அவருக்குக் கப்போத் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். நான் அலுவலகம் போகும் வழியில் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன்.

அந்தக் குற்ற உணர்ச்சியில் ஒரு நல்லது நடந்தது. இந்த முறை எதையும் ஊகித்துச் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். மாமாவுக்குப் பானட்டின்மேல் முன்பக்கம் வாய் திறந்த மாதிரி ஒரு பெரிய கொண்டை வைக்க ஆசை.

"கண்ணாடிக்குக் கிட்ட வச்சா பாக்க லாரி கணக்கா கம்பீரமா இருக்கும் மச்சான். காத்து நேரா உள்ள பூரும்."

"உள்ள பூந்தா சூடு எப்படி மாமா வெளிய வரும்? மொதல்ல காத்து எங்க போவுதுன்னு பாக்கலாம்."

"காத்தை எப்படிடா பாப்பே?"

மில்லிலிருந்து வந்த கழிவு நூல் அவர் வீட்டில் கைத்துடைப்புக்காக ஒரு மூட்டை கிடந்தது. அதைச் சாண் அளவில் வெட்டினேன். அக்கா மைதாமாவில் பசை காய்ச்சிக் கொடுத்தாள். பானட் முழுக்க வரிசையாக நூலை ஒட்டினோம், ஒரு முனை மட்டும். மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூர் சாலையில் தெற்கே விட்டோம். மாமா ஓட்ட, நான் எழுந்து நின்று கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.

தவளக்குப்பம் கூட்டுரோட்டில் டீக்காக நிறுத்தியபோது கூட்டம் கூடிவிட்டது.

"இன்னா சார், வண்டிக்கு ஜடை பின்னப் போறீங்களா?" என்றார் வாழைப்பழக்காரர்.

"நரைச்சுப் போச்சுபா, மை அடிக்கக் கூட்டிக்கினு போறாங்க" என்றார் இன்னொருவர்.

மாமா அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கோ கால் தரையில் பாவவில்லை. நூல்கள் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டன. கண்ணாடிக்கு அருகில் ஒட்டியவை பின்னால் பறக்கவே இல்லை. கண்ணாடியில் மோதிய காற்று அங்கே தேங்கி அமுக்கியதால், அவை குழம்பிச் சுருண்டு முன்பக்கமாகக் கவிழ்ந்தன. அங்கே ஓட்டை போட்டால் காற்று உள்ளே அமுங்கும், சூடு வெளியே வராது. ரேடியேட்டரைத் தாண்டிச் சற்றுப் பின்னால், பானட்டின் நடுப்பகுதிக்கு முன்னே ஒட்டியவை மட்டும் தகரத்தைவிட்டு மேலே தூக்கிக்கொண்டு படபடவென்று பின்னால் பறந்தன. காற்று அங்கேதான் தகரத்தை உறிஞ்சுகிறது. திறப்பு அங்கே இருக்க வேண்டும், வாய் பின்னோக்கி இருக்க வேண்டும்.

இன்னொன்றும் அன்று விளங்கியது. மதியம் மட்டும் ஏன் கொதிக்கிறது என்பது. கரையிலிருந்து சாலைக்கு ஏறும்போது கடல்காற்று வண்டியின் முதுகில் அடிக்கிறது. வண்டி போகும் வேகமும் காற்றின் வேகமும் ஒன்றாகிவிட, ரேடியேட்டருக்குக் காற்றே கிடைப்பதில்லை. ஃபேன் தள்ளும் சூடும் வெளியேற வழியின்றிப் பானட்டுக்குள்ளேயே சுற்றுகிறது. நான் இதைச் சொன்னதும் மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அதான் காலையில பேசாம போவுதா இந்த மூதேவி" என்றார். அவர் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு வெளிச்சத்தைப் பார்த்தேன்.

மறுநாள் பட்டறையில் சொல்தா சாக்கட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"தொட்டுக் காட்டுங்க, முசியே."

நான் தொட்டுக் காட்டினேன், கோடும் போட்டேன். அவர் பானட்டைக் கழற்றிக் கட்டைமேல் கவிழ்த்து வைத்து உளியால் ஒவ்வொரு கீறலாக வெட்டினார். பிறகு திருப்பிப் போட்டு, ஒவ்வொரு கீறலின் முன் உதட்டையும் இடுக்கியால் மெல்லத் தூக்கி வளைத்து, விளிம்பை அரத்தால் ராவினார். இரண்டு பக்கமும் வரிசையாக அவை எழுந்து நின்றன. மழைத் தண்ணீர் உள்ளே விழுந்து டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்தால் வண்டி நின்றுவிடும் என்று மாமா கவலைப்பட்டார். கீறல்களுக்கு அடியில் சரிவாக ஒரு தகரத் தட்டு வைத்து, தண்ணீரைப் பக்கவாட்டில் வடிய விடலாம் என்று மூவரும் பேசி முடிவெடுத்தோம். சொல்தாவோடு அப்படிச் சேர்ந்து பேசியபோதெல்லாம் அந்தப் பொய்யைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. ஒவ்வொரு முறையும் விழுங்கினேன்.

பொங்கல் கழிந்து முதல் ஏற்றம். ஏலக்கார அம்மா வேண்டுமென்றே மதியம்வரை ஏற்றவில்லை. கடல்காற்று நன்றாக எழுந்து பனை ஓலைகள் மேற்கே சாய்ந்த பிறகுதான் ஆள்களைக் கூப்பிட்டார். வழக்கத்தைவிட அதிகமான கூடைகள். மேலே ரோட்டோரம் கடலூர் டெம்போவும் வந்து நின்றுகொண்டிருந்தது. அதன் டிரைவர் கதவில் கால்நீட்டிப் பீடி குடித்தான். பார்க்க வந்த கூட்டத்தில் சொல்தாவும் இருந்தார், சைக்கிளைப் பிடித்தபடி.

நான் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். லோ கியரில் ஜீப் புறப்பட்டது. சக்கரம் புதைந்து எழுந்து புதைந்தது. மாமா வழியைப் பார்க்கவில்லை, சூட்டு முள்ளைத்தான் பார்த்தார். முள் ஏறியது. வழக்கமாக நிற்கும் இடம் வந்தது. இரண்டு வரிசைக் கீறல்களிலிருந்தும் கானல் போலச் சூடு நெளிந்து மேலே போனது. அதன் ஊடாகத் தெரிந்த டெம்போ தண்ணீரில் நிற்பதுபோல ஆடியது. முள் ஓரிடத்தில் நின்றது. பிறகு அங்கேயே இருந்தது.

மாமா அந்த இடத்தில் வண்டியை நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. பின்னால் ஓடிவந்த கூட்டம் ஐயோ என்றது. டெம்போக்காரன் பீடியைப் போட்டுவிட்டு எழுந்தான். மாமா தலையை வெளியே நீட்டி அவனைக் கூப்பிட்டார்.

"தம்பி, உக்காரு. உக்காரு. சும்மா வெத்தல போட நிறுத்தினேன்."

உண்மையாகவே வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, கியரைப் போட்டார். ஒரே மூச்சில் ரோட்டுக்கு ஏறினோம். அப்போது எழுந்த கூச்சலை நான் இப்போதும் கேட்கிறேன். வாழ்க்கையில் நான் மொழிபெயர்த்த எதற்கும் யாரும் விசில் அடித்ததில்லை.

ஏலக்கார அம்மா வந்து கீறல்களுக்கு மேலே உள்ளங்கையை வைத்து, சுட்டதும் எடுத்தார். மீனைப் பார்ப்பதுபோலவே குனிந்து பார்த்தார்.

"செவுளு கணக்கா வச்சிருக்கீங்க. வாயில வாங்கி இப்பால வுடுது. நல்ல மீனுதான்."

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டத்தைப் பார்த்து முழுக்கதையையும் ஆரம்பித்தார். நூல் ஒட்டியது, தவளக்குப்பத்தில் கிண்டல் செய்தது, எல்லாம். "என் மச்சான் கப்போன்னு சொல்றான், நம்ம சொல்தா கப்போத்துன்னு கேட்டுக்கினு கூரையில ஜன்னல் வக்கிறாரு" என்று கையை விரித்ததும் ஒரே சிரிப்பு. சொல்தாவும் சிரித்தார். தலையைக் குனிந்துகொண்டு, சைக்கிள் மணியைத் துடைத்தபடி.

நான் பேசிவிட்டேன்.

"அவரு சரியாத்தான் கேட்டாரு. கப்போத்துன்னு சொன்னது நான்."

மாமா திரும்பினார். சிரிப்பு அங்கங்கே நின்றது. சொல்தா சைக்கிளை உருட்டிக்கொண்டு அருகே வந்து வலது காதை என் பக்கம் திருப்பினார்.

"காதுல வுழல, முசியே. திருப்பிச் சொல்லுங்க."

நான் மறுபடி சொன்னேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தலையை ஆட்டினார், கேட்கவில்லை என்று. மூன்றாவது முறை கத்தினேன். புத்தகத்தைத் தப்பாகப் படித்தது நான், அவர் இரண்டு முறை கேட்டும் கப்போத் என்றது நான், பழியை அவர் காதின்மேல் போட்டதும் நான் என்று பிள்ளைச்சாவடி முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். உண்மையாகவே அவருக்குக் கேட்கவில்லையா, எல்லாரும் கேட்கட்டும் என்று நினைத்தாரா, எனக்குத் தெரியாது. அவர் நிமிர்ந்தார்.

"அப்போ என் காது அவ்ளோ மோசமில்ல" என்றார். என்னிடம் சொன்னதுபோல இல்லை. நெடுநாள் காணாமல்போன பொருள் கைக்குக் கிடைத்தவர் சொல்வதுபோல இருந்தது.

"படிச்சவருக்குத்தான் காது மந்தம்" என்றார் ஏலக்கார அம்மா. "சரி, சண்டைய அப்புறம் போட்டுக்குங்க. ஐஸ் கரையுது. நாளைக்கும் மதியத்துலதான் ஏத்துவேன், சொல்லிட்டேன்." டெம்போக்காரனைப் பார்த்துக் கையை அசைத்தார், போ என்பதுபோல.

மாசி முடிவதற்குள் சொல்தாவின் பட்டறை வாசலில் ஜீப்புகள் நின்றன, செவுள் வைக்க. செங்கல் சூளைக்காரர் வண்டி, சவுக்குத் தோப்புக்காரர் வண்டி. சுற்று வட்டாரத்தில் பல வருடம் அந்தச் செவுள்களைப் பார்த்தேன். பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு நிமிரும். ஆனால் கப்போத் என்ற பட்டப்பெயர் போகவில்லை. அவர் இறந்தபோதும் ஊர் அதைச் சொல்லித்தான் சேதி சொன்னது. நான் கத்தியது அதை வைத்தவர்களில் பாதிப்பேர் காதுக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. அதைவிடவும் என்னை உறுத்துவது வேறு. வண்டி அன்று ரோடு ஏறாமல் கொதித்திருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா? திறந்திருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன். ஜெயித்த பிறகு சொன்ன உண்மை அது.

மாமாவுக்கு அது அன்றே தெரிந்திருக்க வேண்டும். அன்று பிள்ளைச்சாவடியிலிருந்து முத்தியால்பேட்டை வரும்வரை அவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார். எஞ்சின் சீராக ஓடியது. பட்டறைத் தெரு முனையில் வேகத்தைக் குறைத்தார்.

"உன்னை நம்பித்தானே அந்த மனுசனை நடுத்தெருவுல வச்சித் திட்டினேன்."

"தெரியும் மாமா."

"அங்க கத்துனது கூட்டத்துக்கு. அவருக்கு நீ ஒண்ணும் சொல்லல." வண்டியை நிறுத்தினார். "எறங்கு. அவரு சைக்கிள்ல வந்து சேர நேரமாவும், உக்காந்திரு. நான் போய் மீனை எறக்கறேன்."

இறங்கினேன். ஜீப் மார்க்கெட் பக்கம் போனது. கரையில் ஏற்றிய ஐஸ் பெரிதாகக் கரையவில்லை, பின்னால் ஒன்றிரண்டு சொட்டுதான் ஒழுகியது. பூட்டிய பட்டறைக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.